காற்றோட்டமான ஹெட்போன்

சின்ன வயதில் எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். அப்பா ஐஸ்கிரீம் வாங்கி வந்தால் வழியிலேயே ஒரு வாய் சாப்பிட்டிருப்பார் என்று கப்பின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கணக்கு டீச்சர் நூற்றுக்கு நூறு போட்டபோதுகூட, வேறு யாருடைய தாளையோ திருத்தி என் பெயருக்குப் போட்டுவிட்டார்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா இதற்கு 'போலீஸ் புத்தி' என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலும் ஏதோ உள்நோக்கம் இருப்பதாகவே எனக்குப் படும். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் துப்பறிந்ததில் முக்கால்வாசி தப்பாகத்தான் போயிற்று. ஒரே ஒரு முறை மிகச் சரியாகக் கண்டுபிடித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. நாங்கள் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். அம்மாவின் பிறந்த வீடு சிதம்பரம், விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். அங்கே தாத்தா, மாமா, அத்தை என்று மூன்றே பேர். தாத்தா ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவர். வீட்டில் பேசும்போதும் 'மேற்படி', 'இன்று முதல்' என்றெல்லாம் வந்து விழும். மாமா மாடி அறையை ரெக்கார்டிங் ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தார். ஸ்டூடியோ என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. சுவர் முழுக்கப் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருப்பார். ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஜவுளிக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டு விழாவுக்கு நடனப் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு இசை எல்லாம் அங்கேதான் தயாராகும். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தள்ளுபடி அறிவித்துப் போகிற குரல்களில் பாதி மாமாவுடையது.

அந்த வருஷம் மாடி அறைக்கு ஒரு புனிதமான வேலை வந்து சேர்ந்தது. முந்தைய வருஷம் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, குறிஞ்சிப்பாடிக்கு உள்ளே தள்ளியிருக்கும் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாராம். வேண்டுதலைக்கூட அவர் பத்திரம் போலத்தான் வேண்டியிருந்தார். அம்மன் பேரில் ஐந்து பாட்டு அவரே எழுத வேண்டும். அதை இந்த வீட்டில் பிறந்த பெண்ணின் குழந்தை, வயதுக்கு வருவதற்கு முன், ஒற்றைக் குரலில் பாட வேண்டும். காப்புக் கட்டுகிற அன்று காலையில் கோயில் குழாயில் முதலில் ஒலிப்பது அந்தப் பாட்டாக இருக்க வேண்டும். இந்த ஷரத்துக்கெல்லாம் பொருந்தி வந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எந்த ஊர்த் திருவிழா என்றாலும் குழாயில் யாரோ ஒரு பெரிய பாடகியின் குரல்தான் கத்தும். இந்த முறை என் குரல். பரீட்சை முடிந்த கடைசி நாளே வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லி வைத்துவிட்டேன். குறிஞ்சிப்பாடியில் சொந்தம் இருந்த ஒருத்தி, திருவிழாவுக்கு வந்து தானே காதால் கேட்டால்தான் நம்புவேன் என்று சொல்லியிருந்தாள். அவளும் என்னைப் போலச் சந்தேக ஜாதிதான் போலிருக்கிறது. ஆக, அந்த ஐந்து பாட்டும் என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெண்ணாடத்துக்காரி. கல்யாணத்துக்கு முன் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். விருத்தாசலம், வடலூர் என்று அந்தப் பக்கத்தில் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா எதுவானாலும் அந்தக் குழு இருக்குமாம். மாமா அப்போது மைக்செட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குரலுக்குச் சத்தம் கூட்டிக் குறைத்தவர், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் வந்து நின்றார். தாத்தா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். இனிமேல் மேடையிலோ மைக்கிலோ அவள் குரல் வெளியே கேட்கக் கூடாது. நிச்சயதார்த்தத் தட்டு மாற்றுவதற்கு முன்பே அதைப் பேசி முடித்துவிட்டார்கள். அத்தை சரி என்று தலையாட்டினாளாம்.

இதை அம்மா என் எதிரிலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அத்தைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், கோலம் போடத் தெரியும் என்பது போல இதுவும் ஒரு தகவல், அவ்வளவுதான். கல்யாணம் ஆகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குப் போய்வந்தாள். வீட்டில் மெதுவாகப் பேசுவாள். சமையல்கட்டில்கூட ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

என் குரல் மோசமில்லை. ஆனால் சுருதி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போவோம். மாமா கீபோர்டில் மெட்டை வாசித்துக் காதில் போட்டுப் பார்த்தார். அதற்கும் நான் மசியவில்லை. யாராவது பாடி வைத்ததைக் கேட்டுக்கொண்டே பாடினால்தான் சரிவரும் என்றார். அப்படி முன்கூட்டிப் பாடி வைப்பதற்கு டிராக் என்று பெயர். பாடுகிறவள் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும், அவள் பாடி முடித்ததும் அதற்கு வேலை முடிந்தது. மாமா இதை மத்தியானச் சாப்பாட்டில் தாத்தாவிடம் கொண்டுவந்தார். யார் பாடுவது என்று தாத்தா கேட்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"வெளில வராதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"வராதுப்பா. பாப்பா காதுக்கு மட்டும்தான். அது பாடி முடிச்சதும் அழிச்சிடப் போறேன்."

தாத்தா மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். அத்தை அவருக்கு இரண்டாவது தடவையாக ஊறுகாய் வைத்தாள். அவர் முதலில் வைத்ததையே இன்னும் தொடவில்லை.

அன்றைக்கே, தாத்தா படுத்ததும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பாட்டையும் பாடி வைத்தார்கள். நான் வெளியே கதவில் காதை வைத்துப் பார்த்தேன். மெத்தை வேலையைச் சரியாகச் செய்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அத்தை வெளியே வந்து, முகம் கழுவிக்கொண்டு, காயப்போட்ட வடகத்தை எடுக்கப் போய்விட்டாள். மாமாதான் வெகுநேரம் உள்ளேயே இருந்தார். எட்டிப் பார்த்தேன். காதில் ஹெட்போனோடு, கம்ப்யூட்டரில் எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். பாடி முடித்த பிறகு இவருக்கு என்ன வேலை என்று அங்கேயே என் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது.

மாமாவிடம் இரண்டு ஹெட்போன் இருந்தன. ஒன்று கறுப்பு. காதை முழுக்க மூடும், வெளிப்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக். போட்டுக்கொண்டால் பக்கத்தில் பாத்திரம் விழுந்தால்கூடக் கேட்காது. இன்னொன்று சாம்பல் நிறம். அதற்கு வெளிப்பக்கம் மூடி கிடையாது, கொசுவலை மாதிரி மெல்லிய கம்பிவலைதான். போட்டிருக்கிறவருக்கு வெளிச்சத்தம் கேட்கும், உள்ளே ஓடுகிற பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் லேசாகக் கேட்கும். கறுப்பு தனக்கு, வலை வைத்தது எனக்கு என்று மாமா பிரித்துவிட்டார். கறுப்பைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

தொடக் கூடாது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அவர் டீ குடிக்கக் கீழே போன நேரத்தில் கறுப்பு ஹெட்போனின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. முழுக்க இங்கிலீஷ், ஆனால் படங்கள் இருந்தன. ஒரு படத்தில் கறுப்பு ஹெட்போன் மாட்டிய பெண் மைக் முன்னால் பாடிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு டிக். அடுத்த படத்தில் அதே பெண் வலை வைத்ததை மாட்டியிருந்தாள். அதிலிருந்து கோடு கோடாக ஏதோ கசிந்து மைக்குக்குள் போயிற்று, பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி. மூன்றாவதில் ஒரு ஆள் வலை வைத்ததைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார், அதற்கு டிக். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன? டிக்குக்கும் பெருக்கலுக்கும் என்ன அர்த்தம் என்பது பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பாடுகிறவள் போட வேண்டியதை மாமா போட்டுக்கொண்டிருந்தார், அவர் போட வேண்டியதை என் தலையில் மாட்டியிருந்தார்.

நேராகவே கேட்டுவிட்டேன். மாமா கொஞ்சமும் அசரவில்லை. ரெக்கார்டிங் நேரத்தில் ஃபேனை நிறுத்த வேண்டும், மே மாத வெயிலில் கறுப்பைப் போட்டால் காதெல்லாம் வேர்த்து வேர்க்குரு வந்துவிடும், வலை வைத்தது காற்றோட்டமாக இருக்கும், உனக்காகத்தான் பாப்பா என்றார். அவர் காதுகளைப் பார்த்தேன். சிவந்து, வியர்வை கழுத்துவரை இறங்கிக்கொண்டிருந்தது. வேர்க்குருவைத் தான் வைத்துக்கொண்டு காற்றோட்டத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிற பெரியவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. காகிதத்தை மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பாட ஆரம்பித்தோம். ஃபேன் நின்றதும் அறை வெந்தது. ரயில் கூவினால் நிறுத்த வேண்டும், தெருவில் கோலமாவு விற்றுக்கொண்டு போனால் நிறுத்த வேண்டும். ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டுக்கொள்ளச் சொன்னார் மாமா, பாடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம், அப்போதுதான் தன் குரல் தனக்குக் கேட்குமாம். அது உண்மைதான் என்று இப்போது தெரியும். ஆனால் தள்ளிவிட்ட பக்கம் என் கன்னத்துக்கு முன்னால், மைக்கைப் பார்த்துத் தொங்கியது. அதைப் பின்னால் திருப்பிவிட்டேன். மாமா எழுந்து வந்து, பழையபடி முன்னால் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அத்தையின் குரலை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கீழே சோறு போடும்போது பேசுகிற குரல் இல்லை அது. பெரிய குரல். எங்கேயும் தயங்காமல், அடுத்த வரி எங்கே போகும் என்று முன்பே தெரிந்த மாதிரி போயிற்று. மாமா சத்தத்தையும் நன்றாகக் கூட்டி வைத்திருந்தார். நான் அதன் பின்னாலேயே ஓடினேன். மூன்றாவது பாட்டில் 'தாயே' என்று மேலே ஏறி வெகுநேரம் நிற்கிற இடம் ஒன்று வரும். அங்கே பாதியில் எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. எச்சிலை விழுங்கிவிட்டு, கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். மறுபடி எடுக்கச் சொல்வார் என்று நின்றேன். மாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முதல் பாட்டில் ஒரு ழகரத்துக்காக என்னைப் பதினொரு தடவை பாட வைத்தவர் அவர்.

மறுநாள் கூடத்தில் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்து ஐந்தையும் போட்டுக் காட்டினார். பின்னால் தபேலாவும் புல்லாங்குழலும் எல்லாம் சேர்த்திருந்தார். தாத்தா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "புள்ள குரல்ல ஒரு கனம் இருக்குதுடா. நான் நெனைக்கவே இல்ல," என்றார். அவர் யாரையும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டு வந்தபோது ஒருமுறை நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. நான் எச்சில் விழுங்கிய இடத்தில் குரல் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. மாமாவைத் தனியாகப் பிடித்து, நான் அங்கே மூச்சு வாங்கினேனே என்றேன். எக்கோ போட்டிருக்கிறேன் என்று ரொம்பச் சீக்கிரமாகச் சொன்னார். கேள்வி முடிவதற்குள் வருகிற பதிலை நான் நம்புவதில்லை. எக்கோ என்றால் நான் பாடியதைத் திரும்பச் சொல்லும், சரி. நான் ஏறாத இடத்துக்கு அது எப்படித் தனியாக ஏறிப் போகும்?

அடுத்த நாள் மாமா ஜவுளிக்கடைக்கு விளம்பரத்தைக் கொடுக்கப் போனார். நான் மாடிக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொடக் கூடாத கறுப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். தெரு, காக்கை, கீழே ஓடிய மிக்சி எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. மூன்றாவது பாட்டைப் போட்டேன். வாத்தியங்களை நிறுத்தி என் குரலை மட்டும் வைப்பது எப்படி என்று அவர் செய்வதைப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன். நான் பாடினேன். எனக்குப் பின்னால், பக்கத்து அறையில் கதவை ஒருக்களித்து வைத்துப் பாடுகிற மாதிரி, ஒரு பெண் பாடினாள். நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை. ஐந்து பாட்டையும் கேட்டேன். நான் இறங்கிய இடத்திலெல்லாம் அவள் கீழே இறங்காமல் இருந்தாள். தாத்தா சொன்ன கனம் என்னுடையது இல்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. போலீஸ் புத்தி ஐந்து நிமிஷத்தில் வழக்கை முடித்துவிட்டது. மாமா வேண்டுமென்றே கசிகிற ஹெட்போனைக் கொடுத்து அத்தையின் குரலை என் பாட்டுக்குள் கடத்தியிருக்கிறார். இப்போது பின்னால் நிற்கிறவளைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவருவார். திருவிழாவில் குழாயில் அத்தை பாடுவாள். குறிஞ்சிப்பாடிக்காரி கேட்டுவிட்டுப் போய் வகுப்பு முழுக்கச் சொல்வாள். என் பாட்டைத் திருட இத்தனை பெரியவர்கள் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க அழுகையாக வந்தது. முன்பாதி முழுக்கச் சரி என்பதுதான் இதில் வேடிக்கை.

தாத்தாவிடம் எதைச் சொன்னால் வேலை நடக்கும் என்பது எனக்குத் தெரியும். என் பாட்டைத் திருடுகிறார்கள் என்றால் அவர் சிரித்துவிட்டுப் பேப்பர் படிப்பார். அதனால் அம்மன் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"தாத்தா, அது ஒத்தக் குரல் இல்ல. உள்ள ரெண்டு பேரு இருக்காங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

சாயங்காலம் மாமா வந்ததும் தாத்தா மாடி ஏறினார். அவர் அந்த அறைக்கு வருவது அபூர்வம். கறுப்பு ஹெட்போனை இடம் வலம் மாற்றித் தலையில் வைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தைக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கழற்றி வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். கொஞ்சம் கசிவது சகஜம்தான், குழாயில் போட்டால் யாருக்கும் தெரியாது, ஹெட்போனில் கேட்டால்தான் பிரிந்து கேட்கும் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் நான் இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். டிக்கையும் பெருக்கலையும் விரல் வைத்துக் காட்டினேன். தாத்தாவுக்குக் காகிதத்தில் இருப்பதுதான் எப்போதும் பேச்சு. வெகுநேரம் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் இத புள்ளைக்கு மாட்டுனியா?"

மாமா ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தை, கையில் துணிக் குவியலோடு வாசலில் வந்து நின்றாள். தாத்தா திரும்பி, உன் குரல் பாட்டில் இருக்கிறது, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றவாளி எப்படி விழிப்பாள் என்று பார்க்கிற ஆசை. அவள் விழிக்கவில்லை. தாத்தாவைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தாள்.

"என் குரலா?" என்றாள். அவளுக்குத் தெரியாது என்பது எனக்கே தெரிந்துபோயிற்று.

அவள் துணியை ஸ்டூலில் வைத்துவிட்டு, தாத்தாவிடம், "நான் ஒரு தரம் கேட்டுக்கட்டுமா, மாமா?" என்றாள். மாமனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

தாத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாவே கறுப்பு ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, முதல் பாட்டிலிருந்து போட்டார். ஐந்து பாட்டும் முடிய எப்படியும் அரை மணி நேரம். எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கால் கட்டைவிரல் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் அது நின்று, அவள் கழுத்து லேசாக உயர்ந்தது. மூன்றாவது பாட்டு என்று எனக்குத் தெரிந்தது. இதை இத்தனை நேரம் எதற்குக் கேட்க வேண்டும், ஒரு வரி கேட்டால் தெரிந்துவிடாதா என்று நான் பொறுமையில்லாமல் நின்றேன். தாத்தாவும் இரண்டு மூன்று தடவை படிக்கட்டைப் பார்த்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் கழற்றி, ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பாப்பா சொல்றது சரிதான். வேண்டுதல்ல கொற வேணாம். நாளைக்கு அதுக்கு இத மாட்டி எடுத்துடுங்க," என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அதுதான் முறை என்று தாத்தா யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். நான் ஜெயித்திருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை எனக்கு இரண்டு முட்டை வைத்தாள். பழிவாங்க ஏதாவது கலந்திருப்பாளோ என்று கொஞ்சம் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அத்தை தானாகவே மாடிக்கு வந்தாள். கறுப்பு ஹெட்போனை என் தலை அளவுக்குச் சின்னதாக்கினாள். முடி சிக்கினால் இடைவெளி விழும் என்று சொல்லி என் இரண்டு சடையையும் பின்னால் தள்ளிவிட்டு, காது முழுக்க மூடுகிறதா என்று விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். நான் பாடுவதையும் மாமா கொஞ்சம் என் காதிலேயே விட்டிருந்தார். அதனால் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட வேண்டிய தேவை இல்லை. வலை வைத்தது இப்போது மாமாவின் காதில் இருந்தது. எல்லாம் காகிதத்தில் இருந்தபடியே நடந்தது.

பாட்டு ஆரம்பித்தது. அத்தையின் குரல் இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு வந்தது. துளியும் வெளியே போகவில்லை, மொத்தமும் எனக்குள் இறங்கியது. அவ்வளவு கிட்டத்தில் அதை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், மாமாவைத் தவிர. நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

"மாமா, அத்த குரல் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. கம்மி பண்ணுங்க."

மாமா சத்தத் திருகில் கையை வைத்துக்கொண்டு, திருப்பாமல், அத்தையைப் பார்த்தார். அவள் கதவோரமாக மெத்தையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கம்மி பண்ணுங்க, பாப்பாவுக்குக் கஷ்டமா இருக்குதில்ல," என்றாள்.

குறைத்தார். இன்னும் என்றேன். குறைத்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். சுருதி எங்கே இருக்கிறது என்று தெரிகிற அளவுக்கு ஒரு நூல் போல அது மெலிந்ததும் போதும் என்றேன்.

ஐந்து பாட்டும் முடியும்வரை அத்தை அங்கேயே நின்றாள். அவள் பாடியது என் ஹெட்போனில் மட்டும் ஓடியதால் அவளுக்கு அது கேட்டிருக்காது. என் குரல் மட்டும்தான், ஏறாத இடத்தில் ஏறாமல், மூச்சு தீர்ந்த இடத்தில் நின்று நின்று, கேட்டிருக்கும். நான் முடித்ததும் மாமா டிராக்கை அழித்துவிடுவார், பிறகு அந்தக் குரல் எங்கேயும் இருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் எதற்காக அங்கே நின்றாள் என்பது புரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அன்றைக்கு எனக்கு வந்தது ஒரே சந்தேகம்தான். என் பின்னால் நின்றுகொண்டு, மைக்கில் படுகிற மாதிரி, இவள் கூடவே பாடுகிறாளோ? நடுவில் இரண்டு தடவை சட்டென்று திரும்பி அவள் உதடுகளைப் பார்த்தேன். இறுக மூடியிருந்தன. அதற்குப் பிறகுதான் நிம்மதியாகப் பாடினேன்.